பட்டில் போட்ட முதல் கோடு

(மகளிர் கைவினை வகுப்புத் தொடக்கத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் சில பெண்கள் வந்து, பட்டுத் துணியில் வண்ணம் தீட்டிப் பழக வாரம் ஒருநாள் இந்தக் கூடத்தைக் கேட்டார்கள். "தையல் என்றால் வருமானம் உண்டு. பொழுதுபோக்குக்கு எதற்கு அறக்கட்டளை?" என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

அதன்பின் என் மச்சான் மவுத்தாகிவிட்டார்கள். லாத்தா நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்தார்கள். அது முடிந்த பிறகும் அறையை விட்டு வெளியே வரவில்லை. தொழுகை, இரண்டு வாய் சோறு, மௌனம். மருமகள் ஒருநாள் மரச்சட்டமும் ஒரு துண்டு வெள்ளைப் பட்டும் வாங்கி வந்து முன்னால் வைத்தாள். நான் போனபோது லாத்தா, "தம்பி, நீயும் உட்காரு" என்றார்கள்.

துணியை முதலில் அலசி, கஞ்சியைப் போக்கி, சட்டத்தில் தொய்வில்லாமல் இழுத்துக் குத்த வேண்டும். பென்சிலால் மெல்ல வரைந்து, அதன்மேல் 'குட்டா' என்னும் பசையால் கோடு போட வேண்டும். மரப்பாலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மலேசியாவிலிருந்து நம் வீடுகளுக்கு வரும் பத்திக் துணியில் மெழுகு செய்யும் வேலையை இங்கே குட்டா செய்கிறது; வண்ணத்தை வரம்புக்குள் நிறுத்துகிறது.

கோடு காய்ந்ததும் தூரிகையால் நடுவில் தொட்டால் போதும், வண்ணம் தானாக ஓடிப் பரவும். வரம்பில் கடுகளவு இடைவெளி இருந்தாலும் வெளியே பாய்ந்துவிடும். என் கோட்டில் அது இருந்தது. பூவின் நீலம் பக்கத்து இலைக்குள் ஓடியது. பட்டில் பிடித்த வண்ணத்தை அழிப்பது எளிதல்ல. நான் பதறினேன், லாத்தா சிரித்துவிட்டார்கள். மச்சான் போனபின் நான் கேட்ட முதல் சிரிப்பு.

"ஈரம் காயுமுன் கல்லுப்பைத் தூவுங்கள் மாமா" என்றாள் மருமகள். உப்பு ஈரத்தை இழுக்க, வண்ணமும் கூடவே நகர்ந்து நட்சத்திரம்போல் படர்ந்தது. காய்ந்ததும் உப்பை உதறினோம். கெட்டுப்போன இடமே அந்தத் துணியில் நல்ல இடமாகிவிட்டது.

புதிதாகத் தொடங்குவோர் இஸ்திரி போட்டால் நிலைக்கும் வண்ணத்தை வாங்குங்கள். மற்ற வகைக்கு நீராவியில் வேகவைக்க வேண்டும். அது பிறகு ஆகட்டும். சமையல் பாத்திரங்களை இதற்கு எடுக்காதீர்கள். பட்டு உடுத்துவது ஆண்களுக்கு விலக்கு, பெண்களுக்கு ஆகும். ஆகவே துப்பட்டாவும் முக்காடும் உங்களுக்கே. கொடி, பூ, இலை, கட்டங்கள் என்று வரைய எவ்வளவோ இருக்கின்றன.

இந்த வகுப்பில் சான்றிதழ் இல்லை, விற்பனைக் கணக்கும் இல்லை. அன்று நான் திருப்பி அனுப்பிய சகோதரிகள் முன்வரிசையில் இருக்கிறார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலும் அறையை விட்டு வராத ஒரு லாத்தா இருப்பார்கள். அடுத்த வாரம் வரும்போது அவர்களையும் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள்.