ஆற்றங்கரை மாளிகையும் நம் வீட்டுச் சைக்கிளும்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது என்ற பேச்சு எல்லா வீட்டிலும் எழும். பத்துமலை பார்த்தாகிவிட்டது. கடற்கரைக்குப் போனால் நாளும் பணமும் கரைந்துவிடும். இன்று நான் சொல்லப்போகும் இடத்துக்கு இரயில் கட்டணமும் கையில் ஒரு சோற்றுப் பொட்டலமும் இருந்தால் போதும்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலுள்ள கோலாலம்பூர் சென்ட்ரலில் கொமுட்டர் இரயில் ஏறிக் கிள்ளானில் இறங்குங்கள். 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து வந்த முதல் இரயில் ஆற்றின் மறுகரையிலே, புக்கிட் கூடாவோடு நின்றுவிட்டது. பாலம் கட்டி கிள்ளான் பட்டணத்துக்குள் இரயில் வந்தது 1890இல்தான். 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய போர்ட் கிள்ளான் அதுதான். நம் பாட்டன் பாட்டிமார் பலர் கப்பலிலிருந்து இறங்கி, இந்தத் தண்டவாளத்தின் வழியாகத்தான் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள்.

முதலில் ஆற்றங்கரைக்கு நடந்து போங்கள். அங்கே பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. 1857ஆம் ஆண்டில் கிள்ளான் தலைவராக இருந்த ராஜா அப்துல்லா கட்டியது. குடியிருக்கும் வீடும் சரக்குக் கிடங்கும் ஒன்றாக அமைந்தது. அது ஏன் ஆற்றங்கரையில் இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அந்தக் காலத்தில் ஆறுதான் சாலை. ஈயம் படகில் கீழே வரும், அரிசியும் ஆட்களும் படகில் மேலே போவார்கள். அதே 1857இல் இந்த ஆற்றின் வழியாக ஈயம் தோண்ட அம்பாங்குக்குச் சீனத் தொழிலாளர் 87 பேர் அனுப்பப்பட்டார்கள். காட்டுக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. ஒரு மாதத்தில் உயிரோடு எஞ்சியவர்கள் 18 பேர்தான். கோலாலம்பூர் என்ற பெருநகரம் அப்படித்தான் தொடங்கியது. கிடங்கு பின்னாளில் போலீஸ் நிலையமாயிற்று. 1980களில் ஈயத்துக்கான அருங்காட்சியகமும் ஆயிற்று. உள்ளே போக முடியாவிட்டாலும் கரையில் நின்று இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அடுத்து இரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள வெள்ளை மாளிகைக்கு வாருங்கள். 1909இல் எழுந்த சுல்தான் சுலைமான் கட்டடம் இது. கோலாலம்பூர் இரயில் நிலையத்தையும் மஸ்ஜித் ஜாமேக்கையும் வரைந்த ஹப்பாக் என்பவரே இதையும் வரைந்தார். வெள்ளைக்காரர் ஆட்சியில் இங்கே அரசாங்க நிர்வாகம் நடந்தது. போர்க்காலத்தில் ஜப்பானியப் படை வந்து உட்கார்ந்தது. 2007இல் இதுவே சுல்தான் அப்துல் அஜீஸ் அரச கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. 1960 முதல் 2001 வரை சிலாங்கூர் சுல்தானாகவும், 1999 முதல் 2001 வரை நாட்டின் மாமன்னராகவும் இருந்தவர் அவர். மணிமுடி முதலிய அரச அணிகளின் மாதிரிகள், பதக்கங்கள், பல நாட்டார் தந்த அன்பளிப்புகள், பழைய புகைப்படங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை தவிர்த்து வேறு நாளில் போங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் தோட்டத்துக் குடும்பங்கள் சிலவற்றை நான் அங்கே அழைத்துப் போயிருந்தேன். கூட வந்த பெரியவர் ஒருவர் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

"என்னங்கய்யா, வாங்க" என்றேன்.

"துரைமார் இருந்த கட்டடமாச்சே தம்பி, நம்மள உள்ளே விடுவாங்களா?" என்றார்.

அவர் கேட்டதில் பொருள் இருந்தது. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி வேண்டும் என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

கண்ணாடிப் பெட்டிகளை எல்லாம் பார்த்து முடித்து வெளியே வந்தபின் அந்தப் பெரியவர் சொன்னார்: "எங்கப்பாவும் அப்படி இறங்கி நின்னவருதான். அந்தச் சைக்கிள் ரொம்ப நாள் லயத்துல கிடந்துச்சு. தோட்டத்தை விட்டு வர்றப்போ பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டோம்."

அதன்பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. எனக்கும் பேச்சு வரவில்லை.

நேயர்களே, அரசரின் பதக்கத்தைப் பாதுகாக்க ஒரு மாளிகை இருக்கிறது. ஈயத்தின் கதையைச் சொல்ல ஆற்றங்கரையில் ஒரு கிடங்கு நிற்கிறது. நம் பாட்டனின் சைக்கிளை நாம் வைத்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் வைப்பார்கள்? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாக மாறி, நம்மில் பலர் அடுக்குமாடிக்குக் குடிபோய்விட்டோம். ஒவ்வொரு இடமாற்றத்திலும் ஒரு மூட்டை குப்பைக்குப் போகிறது. பால் மரம் சீவிய உளி, பீங்கான் மங்கு, காண்டா வாளி, கப்பலில் வந்த தகரப் பெட்டி எல்லாம் அந்த மூட்டையில்தான் இருக்கின்றன.

ஆகவே கலைக்கூடத்தில் சும்மா சுற்றி வராதீர்கள். ஒரு பொருளின் முன் நின்று பிள்ளைகளிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது எதனால் செய்தது? யார் பயன்படுத்தினார்கள்? பக்கத்திலுள்ள அட்டையில் என்ன எழுதியிருக்கிறது? அட்டை இல்லாவிட்டால் அது வெறும் சாமான் என்பது பிள்ளைகளுக்கே விளங்கிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் அதையே செய்யுங்கள். உளியின் துருவைத் துடைத்து, லேசாக எண்ணெய் பூசி, துணியில் சுற்றி வையுங்கள். பழைய படங்களின் பின்புறத்தில் பேனாவால் எழுதாதீர்கள். பென்சிலால் மெதுவாகப் பெயர், ஆண்டு, தோட்டம் எழுதுங்கள். ஒட்டும் ஆல்பம் வேண்டாம், காகித உறை போதும். வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சிறு அட்டை எழுதிக் கட்டுங்கள். பாட்டி உயிரோடு இருக்கிறார் என்றால் இன்றைக்கே அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தலைமையாசிரியரிடம் கேட்டுத் தமிழ்ப்பள்ளியில் ஓர் அலமாரி வாங்க முடிந்தால், அதுவே நம் தோட்டத்துக் கலைக்கூடம்.

அன்று அந்தப் பெரியவர் கடைசியில் செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு, முன்வாசல் வழியாகவே உள்ளே நடந்தார். வாயிலில் நின்ற காவலர் அவருக்குச் சலாம் வைத்தார். நீங்களும் அப்படியே தலை நிமிர்ந்து போய் வாருங்கள். வீடு திரும்பியதும், கட்டிலுக்கு அடியில் கிடக்கும் அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.