இருட்டில் காப்பது பயிற்சியே!

எதிரணி நண்பர் சொன்னாரு: கையிலே துப்பாக்கி இருந்தா இருட்டுக்கு என்னய்யா பயம்னு. நான் கேக்கிறேன், துப்பாக்கிக்குக் கண் இருக்கா?

1999 பிப்ரவரி 4. நியூயார்க் நகரம், பிராங்ஸ் பகுதி. நள்ளிரவு தாண்டிய நேரம். மங்கலான வாசலிலே 23 வயது அமதூ தியாலோ நிற்கிறார். எதிரே சாதாரண உடையில் 4 போலீஸ்காரர்கள். அவர் எதையோ எடுத்தார். துப்பாக்கின்னு நினைச்சுட்டாங்க. சுட்டது 41 குண்டு, பட்டது 19. உயிர் போன பிறகு பார்த்தா, கையிலே இருந்தது பர்ஸ்! அங்கே ஆயுதத்துக்கா பஞ்சம்?

வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனால், கண் முழுசாப் பழக அரை மணி நேரம்கூட ஆகும். அதனாலேதான் இருட்டுப் பயிற்சியிலே முதல் பாடம் சுடுறது இல்லீங்க, பார்க்கிறது! ஒரு கையிலே டார்ச் லைட். முதல்லே வெளிச்சம் அடி. முகத்தைப் பார், கையைப் பார். சுடுவது என்று முடிவெடுக்கிற வரைக்கும் விசையிலே விரல் கூடாது. துப்பாக்கியிலே பொருத்திய விளக்கை வைத்துத் தேடாதே. வெளிச்சம் போற இடத்துக்குக் குழலும் போகும். அங்கே நிற்பது உன் பிள்ளையா இருக்கலாம்!

சுட்ட குண்டைத் திரும்பக் கூப்பிட முடியாது நடுவர் அவர்களே. ஆகவே, காப்பது பயிற்சியே என்று தீர்ப்பளிக்க வேண்டி அமர்கிறேன்.