எவ்வளவு கூட்டம்?



பொங்கல் முடிந்த கையோடு நம் தருமபுரி மாவட்டத்தில் எருது விடும் விழா, கபடிப் போட்டி, கிரிக்கெட் டோர்னமெண்ட் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். மறுநாள் காலை டீக்கடையில் முதல் பேச்சு, யார் ஜெயித்தது என்பது. அடுத்த பேச்சு, எவ்வளவு கூட்டம் என்பது. நடத்தியவர்கள் பத்தாயிரம் பேர் என்பார்கள். பக்கத்து ஊர்க்காரர், மூவாயிரம்கூடத் தேறாது என்பார். இரண்டு பேருமே அங்கே நின்று பார்த்தவர்கள்தான். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமும் அவர்களுக்குக் கிடையாது. அப்படியிருந்தும் கணக்கு மூன்று மடங்கு வித்தியாசப்படுகிறது. அது ஏன் என்று பார்ப்போம்.

நம் நாட்டில் விளையாட்டுக் கூட்டம் என்று பேச்செடுத்தால், 1997-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் தேதியைத் தொடாமல் போக முடியாது. கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் ஃபெடரேஷன் கோப்பைக் கால்பந்து அரையிறுதி. ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதுகின்றன. ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி, மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா. ஆட்டத்துக்கு முன்பே இருவருக்கும் பத்திரிகைகளில் சொற்போர். தத்தாவின் ‘டைமண்ட்’ வியூகம் நகரம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. அன்றைக்கு வந்ததாகப் பதிவான கூட்டம் 1,31,781.

இருபது ஆண்டு கழித்து, 2017 அக்டோபர் 28-ஆம் தேதி, அதே மைதானத்தில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பை இறுதியாட்டம். இங்கிலாந்தும் ஸ்பெயினும் ஆடின. அன்றைய கூட்டம் 66,684. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வங்காளத்தில் கால்பந்து மோகம் பாதியாகிவிட்டது என்று வாதம் செய்தால் அது சரியாகாது. இடையில் மைதானத்தின் உள்ளமைப்பே மாறிவிட்டது. 1997-இல் நெருக்கியடித்து உட்கார்ந்த இடத்தில், 2017-இல் தனித்தனி இருக்கை. ஆளுக்கு ஒரு நாற்காலி என்று வந்த பிறகு, எவ்வளவு ஆசையோடு வந்தாலும் நாற்காலி எண்ணிக்கையைத் தாண்ட முடியாது. மோகத்தை அளக்கப் போய் நாற்காலியை அளந்துவிட்டு வருகிறோம். இந்த இடத்தில்தான் பெரும்பாலான சண்டை கிளம்புகிறது.

கூட்டம் இவ்வளவு என்று அறிவிக்கிறார்களே, அதில் எதை எண்ணினார்கள்? விற்ற டிக்கெட்டை எண்ணியிருக்கலாம். ஓசிப் பாஸையும் அதோடு சேர்த்திருக்கலாம். வாசலைத் தாண்டி உள்ளே வந்த ஆட்களை எண்ணியிருக்கலாம். எதையும் எண்ணாமல், மைதானத்தின் கொள்ளளவைப் பார்த்து ‘நிறைந்துவிட்டது’ என்று சொல்லியிருக்கலாம். ஆடிப்பெருக்கு அன்று ஒகேனக்கல்லில் பரிசல் சீட்டை எண்ணினால் பரிசலில் போனவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். அருவியில் குளித்துவிட்டு, மீன் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். சீட்டுக் கணக்கில் பொய் இல்லை. ஆனால் அதை ஒகேனக்கல் கூட்டம் என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

அமெரிக்காவில் இந்த வாதம் பெரிய அளவில் நடக்கிறது. அங்கே கல்லூரி அணிகள் ஆடும் அமெரிக்கக் கால்பந்துக்கு லட்சம் பேர் வருவது சாதாரணம். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில், 1975 நவம்பரில் தொடங்கிப் பல பத்தாண்டுகளாக, ரசிகர்களை அனுமதித்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் லட்சத்துக்குக் குறையாத கூட்டம் என்பது கணக்கு. 2013-இல் ஓர் ஆட்டத்துக்கு 1,15,109 பேர். ஆனால் 2018-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் பல பல்கலைக்கழகங்களின் வாசல் ஸ்கேன் கணக்கை வாங்கி ஒப்பிட்டது. முந்தைய பருவத்தில் அறிவிக்கப்பட்ட கூட்டம் நூறு என்றால், வாசலில் ஸ்கேன் ஆன டிக்கெட் சராசரியாக எழுபத்தொன்றுதான். மீதிப் பேர் டிக்கெட் வாங்கியும் வரவில்லை. அல்லது ஊழியர், இசைக்குழு என்று டிக்கெட் இல்லாமல் உள்ளே இருந்தவர்களும் கணக்கில் சேர்ந்திருந்தார்கள்.

ஏன் இப்படிக் கூட்டிச் சொல்ல வேண்டும்? அங்கே உயர்நிலைப் பிரிவில் ஆட, சராசரியாக 15,000 பேர் வர வேண்டும் என்று வெகுகாலம் விதியே இருந்தது. வந்தவர்களைக் காட்டலாம், அல்லது காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டைக் காட்டலாம் என்றும் விதி அனுமதித்தது. அப்படியென்றால், டிக்கெட்டை மொத்தமாக யாராவது வாங்கிவிட்டாலே போதும், காலி நாற்காலிக்கும் கணக்கு உண்டு. எண்ணுக்குப் பரிசு இருக்கும் இடத்தில் எண் வீங்கத்தான் செய்யும்.

இன்னொரு ஜோடியைப் பாருங்கள். 1999 பிப்ரவரியில் ஈடன் கார்டன்ஸில் இந்தியா - பாகிஸ்தான் டெஸ்ட். ஐந்து நாளில் 4,65,000 பேர் வந்தார்கள் என்று சொல்வார்கள். அதை ஐந்தால் வகுத்தால் ஒரு நாளுக்குச் சரியாக 93,000. ஐந்து நாளும் மைதானம் நிறைந்தது என்று வைத்துப் போட்ட கணக்காகத்தான் எனக்குப் படுகிறது. அந்த டெஸ்ட்டில் சச்சின் ரன் அவுட் ஆனதில் கலவரம் கிளம்பி, கடைசி நாளில் போலீஸ் ரசிகர்களை வெளியேற்றி, காலி மைதானத்தில்தான் ஆட்டம் முடிந்தது. இதன் பக்கத்தில் 2024 டிசம்பரில் மெல்பர்னில் நடந்த இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட்டை வையுங்கள். ஐந்து நாளுக்கும் சேர்த்து 3,73,691 பேர். கடைசி ஒருவர் வரை எண்ணிய கணக்கு அது. 1937-இல் பிராட்மன் காலத்தில் அதே மைதானத்தில் பதிவான சாதனையை அது முறியடித்தது. சைபர் சைபராக முடியும் எண்ணைக் கேட்டால், இது எண்ணியதா, மதிப்பிட்டதா என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

டிக்கெட்டும் இல்லை, வாசலும் இல்லை என்றால் என்ன செய்வது? நம் ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் இப்படித்தான். இதற்கு ஒரு வழி உண்டு. 1960-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்பவர், தன் ஜன்னலுக்குக் கீழே மாணவர்கள் போராட்டத்துக்குக் கூடுவதைப் பார்த்தார். தரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது. சில கட்டங்களில் எத்தனை பேர் என்று எண்ணி, மொத்தக் கட்டத்தால் பெருக்கினார். அவர் கண்ட அளவு இது: தாராளமாக நிற்கும் கூட்டத்தில் ஆளுக்குப் பத்துச் சதுர அடி, நெருங்கி நின்றால் நாலரை, மூச்சுத் திணறும் நெரிசலில் இரண்டரை.

இதை நம் கபடி மைதானத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு, அறுபதுக்கு ஐம்பது அடி என்று கயிறு கட்டுகிறீர்கள். கயிற்றுக்கு வெளியே நாலு பக்கமும் பத்தடி ஆழத்துக்கு ஜனம் நிற்கிறது என்று வையுங்கள். வெளிப்பக்கம் எண்பதுக்கு எழுபது, அதாவது 5,600 சதுர அடி. உள்ளே 3,000 சதுர அடியைக் கழித்தால் மீதி 2,600. தாராளமாக நின்றால் 260 பேர். நெருங்கி நின்றால் 580-க்குள். எள் போட்டால் எள் விழாத கூட்டம் என்று நாம் சொல்வோமே, அப்படி நின்றாலும் ஆயிரத்துச் சொச்சம். ஐயாயிரம் பேர் நின்றார்கள் என்றால், அவர்கள் மாடியிலும் மரத்திலும் நின்றிருக்க வேண்டும், அல்லது இரவெல்லாம் வந்து போனவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் இருந்தவர்கள் வேறு, மொத்தமாக வந்து போனவர்கள் வேறு. டீக்கடைச் சண்டையில் இரு தரப்பும் சரியாகச் சொல்லியிருக்க இடம் உண்டு.

இது வெறும் பெருமைச் சண்டை என்றால் நான் உங்கள் நேரத்தை எடுத்திருக்க மாட்டேன். 2024 அக்டோபர் 6-ஆம் தேதி சென்னை மெரினாவில் விமானப்படை சாகச நிகழ்ச்சி. 15 லட்சம் பேரைக் கூட்டிச் சாதனைப் புத்தகத்தில் இடம் பிடிப்பது என்று முன்கூட்டியே பேசினார்கள். நண்பகல் வெயிலில் தண்ணீருக்குத் தவித்தது ஜனம். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். 2025 ஜூன் 4-ஆம் தேதி, நம்மில் பலர் வேலைக்குப் போய்வரும் பெங்களூரில், கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்தன்று சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் நெரிசல். உள்ளே கொள்வது ஏறத்தாழ 35,000 பேர். வந்தவர்கள் லட்சக்கணக்கில். இலவசப் பாஸ் உண்டா இல்லையா என்பதிலேயே குழப்பம். 11 பேர் இறந்துபோனார்கள். வேடிக்கை பார்க்கப் போன பிள்ளை வீடு திரும்பவில்லை என்பதை எந்தச் சாதனை எண்ணாலும் ஈடுகட்ட முடியாது.

நம் மாவட்டத்துக்குள்ளேயே சொல்கிறேன். தடங்கம் ஜல்லிக்கட்டில் 2023 ஜனவரியில், வேடிக்கை பார்க்க வந்த 14 வயதுச் சிறுவன் ஒருவன் மாடு முட்டி இறந்தான். ஜல்லிக்கட்டில் மாட்டுக்குப் பதிவு உண்டு, டாக்டர் பரிசோதனை உண்டு. மாடுபிடி வீரருக்கும் பதிவு, பரிசோதனை, எண் போட்ட பனியன் எல்லாம் உண்டு. பார்க்க வருகிற ஜனத்துக்கும் அதே அக்கறையோடு ஒரு கணக்கு வேண்டும் என்று உரக்கவே கேட்கிறேன்.

செலவு அதிகமில்லை. கையில் பிடித்து விரலால் அழுத்தி எண்ணும் சிறிய கருவி கடையில் கிடைக்கிறது. வாசலுக்கு இரண்டு இளைஞர்கள், ஒருவர் உள்ளே வருபவருக்கு, ஒருவர் வெளியே போகிறவருக்கு. அரைமணிக்கு ஒருமுறை வந்ததில் போனதைக் கழித்து நோட்டில் எழுத வேண்டும். அந்த எண்ணை மைக்கில் சொல்லும்போது, ‘வாசலில் எண்ணியது’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். அதே எண் பந்தோபஸ்துக்கு வந்த போலீசாரிடமும், ஆம்புலன்ஸ்காரரிடமும், தண்ணீர் டேங்கர் பொறுப்பாளரிடமும் போகட்டும். போட்டி முடிந்ததும் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த தைக்கு எத்தனை வாசல் வைப்பது, கேலரியை எவ்வளவு நீளத்துக்குக் கட்டுவது என்று விழாக் குழு கூடிப் பேசும்போது அது கையில் இருக்க வேண்டும்.