எம்.எஸ். நரம்பு நோயும் உடற்பயிற்சியும்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., மூளையையும் தண்டுவடத்தையும் பார்வை நரம்பையும் தாக்கும் நாள்பட்ட நோய். மின்கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பதுபோல், நரம்பிழைகளின் மேல் மையலின் என்ற உறை இருக்கிறது. நல்ல உறையுள்ள தடித்த நரம்பிழையில் செய்தி நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில்கூடப் பாயும். நோயிலிருந்து உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே இந்த உறையைத் தாக்கி அரிப்பதுதான் எம்.எஸ். உறை அழிந்த இடங்களில் தழும்பு விழுகிறது. அங்கே செய்தி மெதுவாகிறது. சில இடங்களில் நின்றே போகிறது. பார்வை மங்குவது, கை கால் மரத்துப்போவது, தசை விறைப்பது, நடை தள்ளாடுவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது என எந்தப் பகுதி பாதிக்கப்பட்டதோ அதற்கேற்ப அறிகுறிகள் அமையும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் இந்நோய் வெளிப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் தாக்குகிறது.

பாரிஸ் நகர மருத்துவர் ழான் மார்ட்டின் ஷார்க்கோ 1868-இல் இந்நோயைத் தனி நோயாக வரையறுத்தார். அதன்பின் நூறாண்டுகளுக்கும் மேலாக நோயாளிகளுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை, உடலை அலட்டாமல் ஓய்வெடுங்கள் என்பதுதான். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்டாஃப் 1890-இல் ஒரு நிகழ்வைப் பதிவு செய்தார். எம்.எஸ். நோயாளிகள் சிலருக்கு உடலுழைப்பின்போது பார்வை மங்கியது, ஓய்வெடுத்ததும் தெளிந்தது. உழைப்பே நரம்பைக் கெடுக்கிறது என்ற அச்சம் இதனால் வலுப்பட்டது. உண்மையான காரணம் வெப்பம் என்பது பின்னாளில் தெரியவந்தது. உறை இழந்த நரம்பிழையில், உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் உயர்ந்தாலே செய்தி தடைபடக்கூடும். உடல் குளிர்ந்ததும் அது சரியாகிவிடும். இது தற்காலிகத் தடங்கலே; நரம்புக்குப் புதிய சேதம் எதுவும் நேர்வதில்லை.

ஓய்வு என்ற அறிவுரை வேறொரு கேட்டை விளைவித்தது. நடக்க வேண்டிய கால் நடக்காவிட்டால் தொடைத்தசை மெலிகிறது. மூட்டுகள் இறுகுகின்றன. இதயத்தின் திறன் குறைகிறது. எலும்பு பலம் இழக்கிறது. எடை கூடுகிறது. பத்தடி நடப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. இதையெல்லாம் நோய் முற்றிவிட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டு, நோயாளி இன்னும் அதிகமாகப் படுக்கையில் ஒதுங்குகிறார். நரம்பு கெட்டதால் வந்த பலவீனமும், அசையாமல் இருந்ததால் வந்த பலவீனமும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. முன்னதை உடற்பயிற்சியால் மாற்ற முடியாமல் போகலாம். பின்னதைப் பெருமளவு மீட்க முடியும். எம்.எஸ். நோய்க்கு உடற்பயிற்சி தேவை என்பதன் அடிப்படை இந்த வேறுபாடுதான்.

இதைத் தன் வாழ்க்கையால் காட்டியவர் அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் ஜிம்மி ஹியூகா. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் 1964-இல் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வென்றபோது அவருக்கு வயது 20. ஆறு ஆண்டுகளில், 1970-இல், எம்.எஸ். இருப்பது உறுதியானது. உடலை வருத்தக்கூடாது என்றே அவருக்கும் சொல்லப்பட்டது. அதன்படி சில காலம் இருந்தார். உடலும் மனமும் தளர்ந்தன. பிறகு தனக்கென ஒரு பயிற்சி முறையை வகுத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டினார், நீந்தினார். நோய் விலகவில்லை, பிற்காலத்தில் சக்கர நாற்காலி தேவைப்பட்டது. ஆனால், நோயோடு இருந்துகொண்டே உடலை நல்ல நிலையில் வைத்துக்கொள்ள முடியும் என்ற கொள்கையை அவர் கைவிடவில்லை. அதைப் பிறருக்கும் கற்பிக்க 1984-இல் கொலராடோவில் ஒரு மையம் தொடங்கினார். 2010-இல் தமது 66-ஆவது வயதில் மறையும்வரை அந்த நம்பிக்கையோடு வாழ்ந்தார்.

அறிவியல் சான்றும் வந்து சேர்ந்தது. யூட்டா பல்கலைக்கழக மருத்துவர் ஜாக் பெட்டஜானும் அவருடைய குழுவினரும் 1996-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். எம்.எஸ். நோயாளிகள் 54 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் 15 வாரம் பயிற்சி தந்தார்கள். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 40 நிமிடம், கையாலும் காலாலும் இயக்கும் சைக்கிள் கருவியில் பயிற்சி. முடிவில் உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தும் உச்சத் திறன் 22 சதவீதம் உயர்ந்திருந்தது. கை கால் வலிமை கூடியது. மனச்சோர்வு குறைந்தது. நரம்புப் பாதிப்பை அளக்கும் மதிப்பெண்ணில் மட்டும் மாற்றம் இல்லை. அதாவது பயிற்சி நோயைக் குணப்படுத்தவில்லை, மோசமாக்கவும் இல்லை. மனிதரின் திறனை உயர்த்தியது.

எவ்வளவு பயிற்சி தேவை? லேசான அல்லது நடுத்தரப் பாதிப்பு உள்ளவர்கள் வாரம் இருமுறை 30 நிமிட மிதமான மூச்சுப் பயிற்சியும், வாரம் இருமுறை தசைவலுப் பயிற்சியும் செய்யலாம் என்று கனடாவில் 2013-இல் வெளியான வழிகாட்டுதல் சொல்கிறது. மூச்சுப் பயிற்சி என்பது இங்கே பிராணாயாமத்தைக் குறிக்கவில்லை. மூச்சும் இதயத் துடிப்பும் கூடும்படி நடப்பது, சைக்கிள் மிதிப்பது, நீந்துவது போன்றவை அதில் அடங்கும். பயிற்சி செய்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே மிதமான அளவு. முப்பது நிமிடத்தை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்தில் தொடங்கினாலும் தவறில்லை.

தசைவலுப் பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலி ஒன்று போதும். அதைச் சுவரை ஒட்டிப் போட வேண்டும். இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் ஊன்றி, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனிந்து எழ வேண்டும். எழுந்து ஒரு கணம் நிமிர்ந்து நிற்க வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மனதுக்குள் நான்கு எண்ணியபடி மெதுவாக இறங்க வேண்டும். இந்த மெதுவான இறக்கத்திலும் தொடைத்தசை உழைக்கிறது. முதலில் ஐந்து முறை. பழகியபின் பத்து முறை. கைப்பிடியை அழுத்தி எழுபவர்கள் நாளடைவில் அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம். கழிப்பறையிலிருந்து எழவும் பேருந்து இருக்கையிலிருந்து எழவும் தேவைப்படும் வலிமை இதுவே.

விறைப்புள்ள தசைகளை நாள்தோறும் மெல்ல நீட்ட வேண்டும். கெண்டைக்கால், பின்தொடை, இடுப்பு ஆகியவற்றை இழுத்துப் பிடித்த நிலையில் அரை நிமிடமாவது வைத்திருக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் விறைப்பு கூடும். தள்ளாட்டம் உள்ளவர்கள் சமையல் மேடையையோ ஜன்னல் கம்பியையோ பற்றிக்கொண்டு, அருகில் ஒருவர் நிற்க, சமநிலைப் பயிற்சி செய்வது பாதுகாப்பு.

நம் நாட்டில் வெப்பத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. கத்திரி வெயில் காலத்தில் விடியற்காலையில் அல்லது மின்விசிறி ஓடும் அறையில் பயிற்சி செய்வது நல்லது. முன்னதாகக் குளிர்ந்த நீரில் குளிக்கலாம். கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்ளலாம். இடையிடையே குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். சிறுநீர்த் தொல்லைக்கு அஞ்சித் தண்ணீரையே தவிர்ப்பது தவறு. பயிற்சிக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு வருவதே வழி. பார்வை மங்கினால் அல்லது கால் துவண்டால் உடனே நிறுத்தி, உட்கார்ந்து, உடலைக் குளிர்விக்க வேண்டும். நீச்சலுக்கு 27 முதல் 29 டிகிரி வெப்பமுள்ள நீர் ஏற்றது; வெந்நீர்க் குளம் ஆகாது.

எம்.எஸ். நோயாளிகளைப் பெரிதும் வாட்டுவது சோர்வு. அது சோம்பல் அல்ல, நோயின் அறிகுறி. வீட்டார் இதைப் புரிந்துகொள்வது மிக முக்கியம். பலருக்குப் பிற்பகலில் சோர்வு மிகும். காலையில் பயிற்சியை முடித்துக்கொள்வது அவர்களுக்கு எளிது. பயிற்சிக்குப் பின் வரும் அயர்வு ஓரிரு மணி நேரத்தில் தீர வேண்டும். மறுநாளும் நீடித்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். அடுத்த முறை குறைத்துக்கொள்ள வேண்டும்.

நடக்க இயலாதவர்களுக்கும் பயிற்சி உண்டு. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி சைக்கிள் கருவியைக் கையால் சுற்றுவது, ரப்பர் பட்டையை இழுப்பது, இருக்கையிலிருந்து உடலைத் தூக்கி அழுத்தத்தைக் குறைப்பது ஆகியவை மூச்சையும் தோளையும் காத்து, படுக்கைப்புண் வராமலும் தடுக்க உதவும். படுக்கையில் இருப்பவர்களுக்கு உடனிருப்பவர் மூட்டுகளை மெல்ல அசைத்துவிட வேண்டும்.

நோய் திடீரெனத் தீவிரமாகும் நாள்களிலும், காய்ச்சலின்போதும் தீவிரப் பயிற்சியை நிறுத்திவைத்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். நிலைமை சீரானதும் பழைய அளவிலேயே தொடங்காமல், குறைந்த அளவிலிருந்து படிப்படியாக ஏற வேண்டும். முதன்முறை தொடங்குபவர்கள் நரம்பியல் மருத்துவரின் ஒப்புதலோடு இயன்முறை மருத்துவரிடம் நடை, சமநிலை, தசைவலு ஆகியவற்றைப் பரிசோதித்து, தமக்கென வகுத்த பயிற்சித் திட்டத்தைப் பெற வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை அதே பரிசோதனையை மீண்டும் செய்து, உடலின் நிலைக்கேற்பத் திட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மருத்துவர் தந்த மருந்தை எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது. உடற்பயிற்சி அந்த மருந்துக்குத் துணையே தவிர மாற்று அல்ல.