பால் ஊறாதது தாயின் குற்றமா?

(உலகத் தாய்ப்பால் வாரத்தையொட்டி தருமபுரியில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆகஸ்ட் முதல் வாரம் வந்தால் அரசு மருத்துவமனைச் சுவர்களெல்லாம் தாய்ப்பாலின் அருமையைப் பேசும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் நமக்கு மறுப்பில்லை. சேனை வைக்கிறோம் என்று பச்சைப் பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தடவுவதை விட்டொழிக்கத்தான் வேண்டும். சேனை வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பதும், குணம் பிறப்பால் வரும் என்ற சாதிக் கணக்கும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

நான் கேட்க வந்தது வேறு. இந்த அறிவுரையைக் கடைப்பிடிக்கும் நேரம் யாரிடம் இருக்கிறது?

குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். பிறந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை கொடுக்க வேண்டும். வாயைத் திருப்பித் தேடுவதும் கையைச் சப்புவதும்தான் பசியின் முதல் அறிகுறிகள். அழுகை கடைசியில் வருவது. அதைப் பார்த்து அள்ளி அணைக்கத் தாய் பக்கத்தில் இருக்க வேண்டுமே! காலையில் களையெடுக்கப் போய்ப் பொழுது சாயத் திரும்புகிறவளுக்கு மார்பு கட்டி வலிக்கும்; நாளாக நாளாகப் பால் வற்றும். உடனே, 'உனக்குப் பால் பத்தல' என்று பழி அவள் தலையில் விழும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, 26 வாரச் சம்பள விடுப்பு வந்தது. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு. அதை வரவேற்கிறோம். ஆனால் கூலிக்காரப் பெண்ணுக்கு? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய், தவணை தவணையாக. தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டிய 180 நாளுக்கு வகுத்துப் பாருங்கள்: நாளுக்கு 100 ரூபாய். அதை வைத்து எந்தக் குடும்பம் அடுப்பெரிக்கும்?

பெங்களூரு கட்டட வேலைக்குப் போகும் நம் பெண்களுக்கோ, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில்தான் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்றது 1996-ஆம் ஆண்டுச் சட்டம். ஐந்தாறு பெண்கள் சித்தாள் வேலை செய்யும் கட்டடத்தில் குழந்தைக்கு மணல்மேடுதான் தொட்டில்.

2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். எடை குறைவு என்பது சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது. அந்த எடை குறைவுக்குக் காரணம் என்ன? இளவயதுத் திருமணம், இரத்தசோகை, நிறைமாதத்திலும் கூலி வேலை. நிலம் சாதி பார்த்துப் பங்கிடப்பட்ட ஊரில் ஓய்வும் சாதி பார்த்தே கிடைக்கிறது.

1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்கான மகப்பேறு மசோதாவை ஆதரித்துப் பேசினார் அண்ணல் அம்பேத்கர். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்பது அவர் வாதம். 1929-இல் அது சட்டமானது. ஏறத்தாழ நூறாண்டு ஆகியும் வயலுக்கும் செங்கல் சூளைக்கும் அந்த ஓய்வு வந்து சேரவில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. அமைப்புசாராத் தொழிலாளித் தாய்க்கு ஆறு மாதம் குறைந்தபட்சக் கூலிக்கு ஈடான தொகை வேண்டும். அங்கன்வாடிகளில் இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கும் பகல்நேரக் காப்பகம் வேண்டும். எத்தனை பெண்கள் வேலை செய்தாலும் வேலையிடத்தில் பால் கொடுக்க இடமும் இடைவேளையும் வேண்டும்.

இங்கே வந்திருக்கும் ஆண் தோழர்களுக்கும் ஒன்று: பிள்ளை பெற்ற வீட்டில் தண்ணீர் எடுப்பதும் சோறாக்குவதும் துணி துவைப்பதும் உங்கள் வேலை. அதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.