வெட்டுத் துண்டும் கனவும்

(திருப்பூரில் பனியன் தொழிலாளர் கூடிய கலை மாலை ஒன்றில் ஆற்றிய உரை)



கட்டிங் மாஸ்டர் கழுத்தையும் கையையும் வெட்டி எடுத்த பிறகு மேஜைக்கடியில் விழுவது என்ன? கட்டிங் வேஸ்ட். மூட்டையில் திணித்து எடைக்குப் போடுகிறோம். இயந்திரம் துடைக்கவும், மட்ட நூலாகத் திரிக்கவும் அது போகிறது. இப்படிப்பட்ட துண்டு துணுக்குகளிலிருந்தே ஒரு கலை பிறந்தது. அதற்குக் கொலாஜ் என்று பெயர்; ஒட்டுச்சித்திரம் என்று நாம் சொல்லலாம்.

1912-ல் பிக்காஸோ தன் ஓவியத்தில் பிரம்பு பின்னல் அச்சிட்ட மெழுகுத் துணியை ஒட்டினார். ஆனால் இந்தக் கலையை மனத்தின் அடியாழத்துக்குக் கொண்டு சென்றவர் ஜெர்மானியரான மாக்ஸ் எர்ன்ஸ்ட். முதல் உலக யுத்தத்தில் பீரங்கிப் படையில் நாலாண்டு உழன்று திரும்பியவர் அவர். 1919-ல் பள்ளிக் கருவிகளின் விலைப்பட்டியல் ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத படங்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவற்றை வெட்டி ஒட்டினார். 1921-ல் பாரிஸில் அந்தச் சித்திரங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. நேரில் போய்ப் பார்க்க அவருக்கே வாய்க்கவில்லை. பார்த்தவர்களோ, தங்கள் கனவையே எதிரில் கண்டதுபோல் திகைத்தார்கள்.

இதில் மர்மம் ஏதுமில்லை. பகலில் கண்டதன் மிச்சங்களைக் கொண்டே மனம் கனவைக் கட்டுகிறது என்று ஃப்ராய்ட் 1900-ஆம் ஆண்டு தேதியிட்ட தம் நூலில் எழுதினார். நனவிலி மனமே ஒரு வெட்டி ஒட்டும் தொழிலாளிதான். நம் நாட்டிலும் 1922-லேயே கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் உளப்பகுப்பாய்வுச் சங்கம் நிறுவினார்.

"இதெல்லாம் வேலையற்ற மேட்டுக்குடியின் பொழுதுபோக்கு அல்லவா?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஓவர்லாக் அடிப்பவர் உறக்கத்திலும் துணியைத் தள்ளுவது போல் கையை அசைப்பதை நாம் பார்த்ததில்லையா? ஷிப்மெண்ட் தேதி கனவில் வந்து எழுப்பாத டெய்லர் உண்டா? பகலின் துணுக்குகளே கனவானால், அந்தப் பகலை யார் வெட்டித் தருகிறார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அதே சமயம், எல்லாக் கனவும் கூலிக் கணக்கல்ல. இறந்துபோன தாய் வருகிறாள். விட்டு வந்த ஊர்க் கிணறு வருகிறது. அதையும் மதிக்க வேண்டும்.

இந்த வழக்கு புதிதல்ல. மிகை யதார்த்தவாதிகளின் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோன் 1927-ல் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார், 1933-ல் நீக்கப்பட்டார். அதன் நியாய அநியாயத்தை இங்கே தீர்க்க இயலாது. ஆனால் கனவைக் கேலி செய்தால் தொழிலாளியின் இரவு முழுவதையும் கேலி செய்கிறோம் என்பது நிச்சயம்.

கத்தரிக்கோல் ஒன்றுதான், பிடிக்கும் கைகள் வேறு. ஜெர்மன் கம்யூனிஸ்டான ஜான் ஹார்ட்ஃபீல்ட் 1932-ல் புகைப்படங்களை வெட்டி ஒட்டி, ஹிட்லரின் உடலுக்குள் எக்ஸ்ரேயில் தங்கக் காசுகள் அடுக்கியிருப்பதாகக் காட்டினார். எர்ன்ஸ்ட் மனத்துக்குள் ஒளிந்ததைக் காட்டினார். இவர் அரசியலுக்குள் ஒளிந்ததைக் காட்டினார்.

சாந்திநிகேதனத்துப் பினோத் பிஹாரி முகர்ஜியை நினையுங்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் பார்வை அடியோடு போயிற்று. அவர் ஓயவில்லை. வண்ணக் காகிதத்தை விரலால் தடவி, வெட்டி, ஒட்டிச் சித்திரம் செய்தார். கண் மூடினாலும் உள்ளே படம் அணைவதில்லை என்பதற்கு அவரே சாட்சி.

ஆகையால், தோழர்களே, அடுத்த முறை மூட்டை கட்டும்போது கேட்டு ஒரு கைப்பிடித் துண்டு எடுத்து வையுங்கள். கைமடிக்கும் பெண்களும், செக்கிங் பிள்ளைகளும், வெளிமாநிலத்திலிருந்து வந்த இளைஞர்களும் தாம் கண்ட கனவை ஒட்டட்டும். அவர்கள் பேசும் மொழி நமக்குப் புரியாவிட்டாலும் படம் புரியும். இந்த மண்டபத்துச் சுவரிலேயே மாட்டுவோம். பசைக்குக் கவலை வேண்டாம். சுவரொட்டிக்கு நாம் காய்ச்சுகிற மைதாப் பசையே போதும்.