பாடசாலை வாயிலைத் திறந்த வழக்கு



ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே 1949ஆம் ஆண்டுப் பாடசாலைச் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. உளவியலாளர் ஒருவர் ஒரு பிள்ளையைப் பரிசோதித்து, அது கல்வி புகட்டவோ பயிற்றவோ இயலாத பிள்ளை எனச் சான்று எழுதிக் கொடுப்பாராயின், அப்பிள்ளைக்குக் கற்பிக்கும் கடமையிலிருந்து பாடசாலை விடுபட்டுவிடும். ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சி எய்தாத பிள்ளையை முதல் வகுப்பிற் சேர்க்க மறுப்பதற்கும் அதே சட்டம் இடமளித்தது. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புதல் பெற்றாரின் கட்டாயக் கடமை என்று கூறிய சட்டமே, சில பெற்றாரை நோக்கி, உம்முடைய பிள்ளை இங்கு வரவேண்டுவதில்லை என்றும் கூறியது.

அவ்வாறு திருப்பியனுப்பப்பட்ட பிள்ளைகள் எங்கே போயினர்? பலர் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தனர். வேறு பலர் அரசாங்கம் நடத்திய பராமரிப்பு நிலையங்களிற் சேர்க்கப்பட்டனர். 1908இல் திறக்கப்பட்ட பென்ஹேர்ஸ்ட் அவற்றுள் ஒன்று. பெயரளவில் அதுவும் ஒரு பாடசாலையே. 1968இல் பில் பால்டினி என்ற தொலைக்காட்சிச் செய்தியாளர் அந்நிலையத்தின் உட்புறத்தை ஐந்து பகுதிகளாகப் படம்பிடித்துக் காட்டினார். நெருக்கடியும் அழுக்கும் கட்டுண்டு கிடந்த உடல்களும் பிலடெல்பியா நகரத்தார் கண்முன் வந்தன.

மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பெற்றார் அம்மாநிலத்திற் சங்கமொன்று அமைத்திருந்தனர். பென்ஹேர்ஸ்டின் கொடுமைக்கு முடிவு தேடியே அவர்கள் தோமஸ் கில்ஹூல் என்ற சட்டத்தரணியிடம் சென்றனர். அவருடைய சகோதரர் ஒருவரும் அத்தகைய நிலையமொன்றில் வாழ்ந்தவர். சங்கமும் சட்டத்தரணியும் தேர்ந்தெடுத்த வழி, நிலையத்தைச் சீர்திருத்துவதற்காக வழக்காடுவது அன்று; கல்வியுரிமைக்காக வழக்காடுவது. பிள்ளை வீட்டிலிருந்து நாள்தோறும் பாடசாலைக்குப் போய்வர முடியுமாயின், அதனை நிலையத்திற் கொண்டுபோய் விடும் தேவையே பெரும்பாலும் இல்லாது போகுமல்லவா? நோயின் வேரை அறிந்த வைத்தியம் இது.

வழக்கு 1971 ஜனவரியில் தொடுக்கப்பட்டது. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலை நடத்துவது அரசியலமைப்புக்கு முரணானது என 1954இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் தீர்த்திருந்தது. ஓர் அரசு கல்வி வழங்கும் பொறுப்பை மேற்கொண்டால் அதனை எல்லோருக்கும் சமமாகவே வழங்கவேண்டும் என்ற அத்தீர்ப்பின் நியாயத்தையே இவ்வழக்கும் பற்றுக்கோடாகக் கொண்டது. பெற்றார் தரப்பில் நான்கு நிபுணர்கள் சாட்சியமளித்தனர். கற்கவே இயலாத பிள்ளை என்று ஒன்றில்லை. ஒருவனுக்கு இயற்கணிதம் கல்வி எனில், இன்னொருவனுக்குத் தானே உண்ணவும் உடுக்கவும் அறிதல் கல்வி. இதுவே அவர்கள் கூற்றின் சாரம். அதைக் கேட்ட பின் மாநில அரசு மேலும் எதிர்வாதம் புரியாது இணக்கத்துக்கு வந்தது. ஆறு முதல் இருபத்தொரு வயது வரையுள்ள அத்தகைய பிள்ளைகள் யாவருக்கும் இலவசக் கல்வி என்னும் உடன்பாட்டை 1972இல் நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே ஆண்டில் வாஷிங்டன் நகரிலும் இதையொத்த வழக்கொன்று தீர்க்கப்பட்டது. பணம் போதாது என்ற சாட்டை அங்கே நீதிபதி ஏற்கவில்லை. பணம் போதாவிடின் அக்குறையைக் குறைபாடுடைய பிள்ளையின் தலையில் மட்டும் சுமத்தலாகாது என்றார் அவர்.

1975 நவம்பர் 29ஆம் திகதி, சனாதிபதி ஜெரல்ட் போர்ட் நாடு முழுவதற்குமான சட்டத்திற் கையொப்பமிட்டார். நிறைவேற்ற முடியாத அளவுக்கு இச்சட்டம் வாக்களிக்கிறது என்று அவரே குறைப்பட்டுக்கொண்டார். அதில் உண்மையில்லாமல் இல்லை. மாணவர் ஒருவருக்கான சராசரிச் செலவின் நூற்றுக்கு நாற்பது வரை மத்திய அரசு இதற்கெனத் தரும் என எழுதப்பட்டது. அந்த அளவு எந்த ஆண்டிலும் எட்டப்படவில்லை. ஆயினும் சட்டம் நிலைத்தது. அந்நாளில் பத்து இலட்சம் பிள்ளைகள் பொதுப் பாடசாலைகளுக்கு முற்றாகப் புறத்தே நின்றனர் எனக் காங்கிரஸ் சபை கண்டிருந்தது. 2022ஆம் ஆண்டளவில் இச்சட்டத்தின்கீழ் உதவி பெற்றோர் எழுபது இலட்சத்துக்கும் மேலாயினர். பொதுப் பாடசாலை மாணவருள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைவர்.

சட்டத்தின் உயிர்நாடி ஒரு மேசையைச் சுற்றி நடக்கும் கூட்டமாகும். பெற்றார், வகுப்பாசிரியர், விசேட கல்வி ஆசிரியர், பாடசாலை நிருவாகத்தின் பிரதிநிதி ஆகியோர் கூடி, அப்பிள்ளை ஒன்றுக்கே உரிய கல்வித் திட்டத்தை எழுதுவர். பிள்ளை இன்று எந்த நிலையில் நிற்கிறது, ஓராண்டில் எதை எட்டவேண்டும், யார் எத்தனை மணி நேரம் எந்த உதவியை அளிப்பர் என்பன அதில் இடம்பெறும். பெற்றாரின் சம்மதமின்றி விசேட கல்வியைத் தொடங்கல் ஆகாது. பிணக்கு எழுந்தால் நடுநிலையாளர் முன் விசாரணை கோரலாம்; அது முடியும்வரை பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கும்.

எவ்வளவு கற்பித்தாற் போதும்? கேட்டல் குறைந்த சிறுமி ஒருத்தி நியூயோர்க் மாநிலத்தில் படித்துவந்தாள். உதட்டசைவை நோக்கியும் கருவியின் துணைகொண்டும் வகுப்பிற் பேசப்பட்டதில் அறுபது வீதமளவே அவள் அறிந்தாள். ஆயினும் சித்தியடைந்து வந்தாள். சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டுமெனப் பெற்றார் கோரினர். பயன்தரும் கல்வி கிடைத்தாற் போதும், உச்ச ஆற்றலை எய்துவிக்கும் கடமை பாடசாலைக்கு இல்லை என 1982இல் அதியுயர் நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்த்தது. மீதி நாற்பது வீதத்தை எங்கே போய்க் கேட்பது என அச்சிறுமி வினவியிருந்தால் மறுமொழி கூறுதல் எளிதன்று. முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்து, கொலராடோ மாநிலத்து ஓட்டிசம் உள்ள சிறுவன் ஒருவனின் வழக்கிலே, ஆண்டுதோறும் ஒரே இலக்குகளைத் திரும்ப எழுதிவைத்தல் கல்வியாகாது, பிள்ளையின் நிலைக்கேற்ற உயர்ந்த இலக்கு வேண்டும் என 2017இல் நீதியரசர்கள் எண்மரும் ஒருமித்துக் கூறினர்.

மீத்திறன் வாய்ந்த பிள்ளைகளின் கதை வேறு. மத்திய சட்டம் அவர்களுக்கு எவ்வுரிமையும் வழங்கவில்லை. அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பென்சில்வேனியாவோ அவர்களையும் விசேட தேவையுடையோராகவே கொள்கிறது. நுண்மதி ஈவு 130க்குக் குறையாதோரும், அதற்குக் கீழிருப்பினும் வேறு சான்றுகளால் ஆற்றல் புலப்படுவோரும் தமக்கெனத் தனித்திட்டம் பெறுவர். வாரத்திற் சில மணி நேரச் செறிவூட்டல் வகுப்பு மட்டும் போதாது, கணிதத்திலும் வாசிப்பிலும் முன்னேறியவனுக்கு அப்பாடங்களிலேயே ஏற்ற போதனை வேண்டும் என 1988இல் மாநில அதியுயர் நீதிமன்றம் தீர்த்தது. ஆயின், பாடசாலை வட்டாரம் தன்னிடம் உள்ள பாடநெறிகளுக்கு அப்பாற் செல்லவேண்டியதில்லை எனவும் வரம்பிட்டது. வளமுள்ள வட்டாரத்து மாணவனுக்கு வரம்பு தொலைவில் இருக்கும். வறிய வட்டாரத்தானுக்கு அது அருகிலேயே நிற்கும். அம்மாநிலத்தில் ஐந்நூறு வட்டாரங்கள் உள்ளன.

இரண்டும் ஒருங்கே உடைய பிள்ளைகளும் உளர். நுட்பமான கணக்கை மனத்தாற் செய்வான். ஒரு பக்கத்தை வாசிக்கத் தடுமாறுவான். ஆற்றல் குறையை மறைக்க, குறை ஆற்றலை மறைக்க, இவன் நடுத்தர மாணவன் எனக் கருதி ஆசிரியர் கடந்துபோவதும் உண்டு. இரண்டும் கண்டறியப்பட்டால், பென்சில்வேனியாவில் அவனுக்கு இரு ஏடுகள் இல்லை. குறைக்கான உதவியும் ஆற்றலுக்கான பாடமும் ஒரே திட்டத்தில் எழுதப்படும். அதைக் கண்டறியுமாறு கேட்டு எழுத்திலே விண்ணப்பிக்கும் உரிமை அவனுடைய தாய்தந்தையருக்கு உண்டு.